தோட்டத்துப் பெண் பேசட்டும்

(செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

மேற்கே ஓங்கி நிற்கும் மலை. அதன் மடியிலிருந்து இறங்கி வரும் பேயனாறு. அடிவாரமெங்கும் மாவும் தென்னையும் நிறைந்த தோப்புகள். இத்தகைய செண்பகத்தோப்பில், ஒரு மாமர நிழலில் உங்களைச் சந்திப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது. வழக்கமாக இக்கூட்டங்களில் விதை, உரம், நீர், கடன் ஆகியவற்றைப் பற்றியே நாங்கள் பேசுவோம். விளைச்சலைப் பெருக்குவது எப்படி என்பதே எங்கள் பேச்சின் சாரமாக இருக்கும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. விளைந்த பொருளைப் பற்றி விளைவித்தவரே, அதிலும் தோட்டத்தில் பாடுபடும் இளம்பெண்ணே, அதனை வாங்கி உண்பவரிடம் நேரில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே அது.

"பேச்சு விளைச்சலைத் தருமா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். என் எண்ணம் மாறிய வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன்.

கறுத்த தடம்

சென்ற மாம்பழப் பருவத்தில் ஒருநாள் காலை, நமது பகுதி உழவர் சந்தை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மலையடிவாரத் தோப்பு ஒன்றிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் சப்பட்டை மாம்பழங்களைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். நகரத்து அம்மையார் ஒருவர் ஒரு பழத்தை எடுத்துப் பார்த்து, "ஏனம்மா, இதில் கறுப்பாகக் கோடு ஓடுகிறதே, அழுகலா? அல்லது மருந்து அடித்த கறையா?" என்று வினவினார்.

அந்தப் பெண் சினம் கொள்ளவில்லை. பழத்தை மறைக்கவும் இல்லை. "அழுகலும் இல்லை, மருந்தும் இல்லை, அக்கா. காயைப் பறிக்கும்போது காம்பு ஒடிந்தால் பால் பீறிடும். அது தோலின்மேல் வழிந்த தடம் இது. காம்போடு பறித்துக் கவிழ்த்து வைத்துப் பாலை வடித்துவிட்டால் தடம் விழாது. அன்று இரவு தோப்புக்குள் யானை இறங்கிவிட்டது. பொழுது விடிந்ததும் அவசரமாகப் பறித்தோம். அதனால் வந்தது. பழம் வைக்கோலில் பழுத்தது. கார்பைடு கல் வைத்ததன்று. அறுத்துப் பாருங்கள்" என்று சொல்லி, ஒரு பழத்தை அறுத்தும் கொடுத்தார். முறிந்து கிடந்த மரக்கிளைகளின் படத்தையும் தம் கைபேசியில் காட்டினார்.

அம்மையார் அந்தப் பழங்களையே வாங்கினார். விலையைக் குறைத்துக் கேட்கவும் இல்லை. அருகில் நின்றவர்களும் கேட்டு நின்று வாங்கிச் சென்றனர். இரண்டு நிமிடப் பேச்சு, கழிவு என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு கூடைப் பழத்தை விற்றுக் கொடுத்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்னர் ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து, மாம்பழ விற்பனை பற்றி ஏதோ சொல்ல முற்பட்டார். நேரமாகிவிட்டதென்ற எண்ணத்தில், "உங்கள் அப்பாவை வரச் சொல்லுங்கள், அம்மா. அவரிடம் பேசிக்கொள்கிறோம்" என்று சொல்லி அமரச் செய்தவன் நானே. அவர் அமர்ந்தார், பின்பு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. தோப்பின் நிலையை நன்கு அறிந்தவர் யாரோ, அவரையே வாய்மூடச் செய்த பிழையை உங்கள் முன் ஒப்புக்கொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

தோப்பை விற்பதா, காப்பதா?

அன்று சந்தை முடிந்த பின் அவர் குடும்பத்தின் நிலையை விசாரித்தேன். அவர்களுடைய தோப்பு ஆண்டுதோறும் பூவிலேயே குத்தகைக்கு விடப்பட்டு வந்தது. தையில் மரம் பூத்ததும் குத்தகைக்காரர் வந்து பார்த்து ஒரு தொகையைச் சொல்வார். கைச்செலவுக்குத் திண்டாடும் தந்தை அதை ஒப்புக்கொள்வார். சித்திரையிலும் வைகாசியிலும் பழம் என்ன விலைக்கு விற்றாலும் அவர்களுக்கு அதில் பங்கில்லை. மரத்தை வளர்த்தவருக்கு அதன் பழத்தை உண்பவர் யார் என்பதே தெரியாது.

இந்நிலையில் தோப்பையே விற்றுவிடலாம் என்று தந்தை முடிவு செய்தார். கல்லூரிப் படிப்பை முடித்து வீட்டிலிருந்த மகள், "ஒரு பருவம் மட்டும் என்னிடம் விடுங்கள், அப்பா" என்று கேட்டிருக்கிறார். பாதித் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மறுபாதியின் பழங்களைத் தாமே சந்தைக்குக் கொண்டுவரத் தொடங்கினார். தோப்பில் நடப்பவற்றைப் படமெடுத்து, வாங்கும் வீட்டாருக்கு வாட்ஸ்அப் வழியாக அனுப்பினார். பூ உதிர்ந்த நாளில் அதையும், தத்துப்பூச்சி விழுந்த நாளில் அதையும் ஒளிக்காமல் சொன்னார். ஒரு குடும்பத்தின் நிலம் நிலைக்குமா, கைமாறுமா என்பதை அந்தப் பேச்சு தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆகவே இது பொழுதுபோக்கான விஷயமன்று என்பதை நீங்கள் உணர வேண்டுகிறேன்.

குரல் செல்லும் திசை

நம் நாட்டில் வேளாண்மைச் செய்தி பரவிய வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1960களின் நடுவில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வேகமாகப் பரவியது. வானொலியின் வாயிலாக அதன் சிறப்பைக் கேட்டே உழவர்கள் அதைப் பயிரிட்டமையால், மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். அறிஞர்களின் குரல் உழவருக்கு எட்டியதால் விளைந்த பெரும் பயன் அது. ஆயினும் அக்குரல் ஒரு திசையில்தான் சென்றது. நிலையத்திலிருந்து வயலுக்கு வந்தது. வயலிலிருந்து நகரத்து அடுக்களைக்குச் செல்லவில்லை.

இரண்டாம் திசையில் ஒரு வழியைத் திறந்தது உழவர் சந்தை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதலாவது சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இன்றி, விளைவித்தவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கும் இடமாக அது அமைந்தது. ஆனால் முகத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. தராசில் நிறுத்துப் பையில் போட்டுக் காசை வாங்கிக்கொண்டால், கடைக்கும் சந்தைக்கும் வேறுபாடு விலையளவில் நின்றுவிடுகிறது. உள்ளதைச் சொல்லும்போதுதான் வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கையே அவரை மறுவாரமும் அழைத்து வருகிறது.

மாச்சனூர் காட்டிய வழி

உழவுப் பெண்கள் தம் குரலைத் தாமே எடுத்துச் செல்ல முடியுமா என்னும் ஐயத்துக்குத் தெலங்கானா மாநிலத்தில் விடை கிடைத்திருக்கிறது. ஜஹீராபாத் பகுதி நம் விருதுநகர் மாவட்டத்தைப் போலவே மானாவாரி நிலம் மிகுந்தது. அங்குத் தக்காண வளர்ச்சிக் கழகம் என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன் ஏழைப் பெண்கள் ஊர்தோறும் சங்கங்களாகக் கூடினர். அவர்களில் பெரும்பாலோர் தலித் சமூகத்தைச் சேர்ந்த சிறு உழவர்கள், பலர் எழுத்தறியாதவர்கள். சோளம், கம்பு, தினை ஆகிய சிறுதானியங்களையும் துவரை முதலிய பயறுகளையும் கலந்து பயிரிட்டு, பழைய விதைகளைக் காத்து வந்தவர்கள் அவர்கள்.

தங்களுக்கென ஒரு வானொலி வேண்டும் என்று அப்பெண்கள் விரும்பினர். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பின் உதவியால் மாச்சனூர் என்னும் சிற்றூரில் நிலையம் அமைந்தது. ஆனால் ஒலிபரப்ப உரிமம் கிடைக்கவில்லை. அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருந்தும், தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2006ஆம் ஆண்டில்தான் வழி ஏற்பட்டது. அதுவரை அவர்கள் சும்மா இருக்கவில்லை. நிகழ்ச்சிகளை நாடாக்களில் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்து கேட்டு வந்தனர். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் 'சங்கம் ரேடியோ' முறைப்படி காற்றில் ஒலித்தது.

அதை நடத்தியவர்கள் யார் தெரியுமா? நர்சம்மா என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு இளம்பெண்கள். வேறுபாடு தெரிவதற்காக ஒருவரை 'ஜெனரல் நர்சம்மா' என்றும், மற்றவரை அவரது ஊர்ப்பெயரைச் சேர்த்து 'அல்கோல் நர்சம்மா' என்றும் அழைத்தனர். பள்ளிப்படிப்போடு நின்ற கிராமத்துப் பெண்களே ஒலிப்பதிவுக் கருவிகளைக் கற்று, வயல்களுக்குச் சென்று, மூதாட்டிகளின் விதை அறிவையும் பாடல்களையும் பதிவு செய்து ஒலிபரப்பினர். தங்கள் பேச்சு வழக்கிலேயே பேசினர். பெரிய நிலையங்களில் தங்கள் ஊர்ச் சொற்களைக் கேட்டறியாத மக்களுக்கு, அதுவே பெரும் தெம்பை அளித்தது.

அதே சங்கத்துப் பெண்கள், பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் மாட்டு வண்டிகளில் பலவகைத் தானியங்களை அலங்கரித்து வைத்து, ஊர் ஊராகச் செல்லும் விழா ஒன்றையும் நடத்தி வந்தனர். செல்லும் ஊர்களில் எல்லாம் உழவுப் பெண்களே முன்னின்று, எந்தத் தானியம் எந்த மண்ணில் விளையும், எதை எவ்வாறு சமைப்பது என்று எடுத்துரைத்தனர். அவர்களது நிறுவனத்துக்கு 2019ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்வேட்டர் பரிசு' கிடைத்தது. பரிசு ஒருபுறம் இருக்க, "எங்களுக்கும் சொல்லத் தெரியும்" என்று அப்பெண்கள் நிலைநாட்டியதே பெரும் பேறு.

கடல் கடந்தும் இக்கருத்து வேரூன்றியிருக்கிறது. ஜப்பானில் 1970களில் நகரத்துக் குடும்பப் பெண்கள் பலர், நஞ்சற்ற உணவை நாடி உழவர்களோடு நேரே உடன்படிக்கை செய்துகொண்டனர். 'தெய்கெய்', அதாவது 'கூட்டுறவு', என்பது அதன் பெயர். வாங்குவோர் பண்ணைக்குச் சென்று களை எடுக்கவும் உதவினர். மழையால் விளைச்சல் குறைந்த ஆண்டில் அந்தக் குறைவையும் பகிர்ந்துகொண்டனர். உழவரின் இடரை உண்பவர் அறிந்திருந்தமையால்தான் அது இயன்றது.

நாம் சொல்ல வேண்டியவை

நமது செண்பகத்தோப்பில் சொல்லுவதற்குச் செய்தி இல்லையா? நிறைய இருக்கிறது. மா ஒருபோல் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. ஓராண்டு கொட்டினால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். பூக்கும் பருவத்தில் மேகமும் தூறலும் வந்தால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பூவைக் கருக்கிவிடும். இதை அறியாத நகரத்தார், "சென்ற ஆண்டு மலிவாக இருந்ததே" என்று கேட்பது இயல்பு. அறியச் செய்வது நம் பொறுப்பு.

இந்த அடிவாரம் 1988ஆம் ஆண்டு முதல் சாம்பல் நிற மலை அணில்களின் சரணாலயம். 2021ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. காடு செழித்தால் நமக்கு நீர் வரும். ஆனால் அதே காட்டிலிருந்து யானையும் பன்றியும் தோப்புக்கு வரும். தென்னங்குருத்தைப் பிடுங்கி எறிந்த மறுநாள் உழவர் படும் வேதனை, இளநீர் அருந்துபவருக்குத் தெரிவதில்லை. காட்டையும் காத்துத் தோப்பையும் காக்கும் பாரத்தை நாம் சுமக்கிறோம் என்பதைப் பகைமையின்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மலையில் தேனெடுக்கும் பளியர் இனத்துப் பெண்களுக்கும் தம் வாழ்வைத் தாமே சொல்லும் உரிமை உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் மீது அவர்களுக்கு உரிமை வழங்கியிருக்கிறது. அவர்களுக்காக நாம் பேசுவதைவிட, அவர்கள் பேச இடமளிப்பதே முறை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயர் பட்டிதொட்டி எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் அந்தப் பால்கோவாவைச் சுவைப்பவர், விடியுமுன் எழுந்து மடி கழுவிப் பால் கறக்கும் பெண்ணைப் பற்றி அறிவாரா? கோடையில் பசுந்தீவனம் கிடைக்காமல் அவர் படும் பாட்டை அறிவாரா? இவ்வூரில் தோன்றிய ஆண்டாள் நாச்சியார், திருப்பாவை பாடும்போது தம்மை ஆய்ப்பாடிப் பெண்ணாகவே பாவித்துக்கொண்டார் என்பதை நீங்கள் அறிவீர்கள். மாடு கறக்கும் பெண்ணின் குரலுக்கு இம்மண் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மதிப்பளித்து வந்திருக்கிறது. நாம் இன்று புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை.

உண்மையே மூலதனம்

இளம்பெண்களே! நீங்கள் பேச முன்வரும்போது சில நெறிகளை மனத்தில் கொள்ளுங்கள். மருந்து அடித்திருந்தால் அடித்தேன் என்றே சொல்லுங்கள். எந்த நாளில் அடித்தீர்கள், பறிப்பதற்கு எத்தனை நாள் விட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரசாயன உரம் இட்டுவிட்டு 'இயற்கை விளைச்சல்' என்று சொன்னால், ஒருநாள் உண்மை வெளிப்படும். அன்று உங்கள் பெயரோடு ஊர்ப்பெயரும் கெடும். கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதை அண்டை அயலாருக்கும் எடுத்துரையுங்கள். தேன், ஊறுகாய், பால்கோவா முதலிய பண்டங்களைச் செய்து விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிறருடைய வீட்டையும் பிள்ளைகளையும் அவர்கள் சம்மதமின்றிப் படமெடுக்க வேண்டாம். படத்துக்காகக் காட்டுக்குள் செல்லவோ, விலங்குகளுக்குத் தீனி போடவோ வேண்டாம். உங்கள் வீட்டின் இருப்பிடத்தையும் சொந்தக் கைபேசி எண்ணையும் எல்லோருக்கும் வெளியிடாமல், மகளிர் சுய உதவிக் குழுவின் பொதுவான எண் ஒன்றை வைத்துக்கொள்வது நலம். குழுவாகப் பேசினால் துணிவும் கூடும், பாதுகாப்பும் கூடும்.

பெயர் இல்லாத உழவர்

இனி ஊராட்சிப் பெரியோர்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். களை எடுப்பதும், நாற்று நடுவதும், மாடு பார்ப்பதும், பழம் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஆனால் 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுச் சாகுபடிக் கைப்பற்றுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 மட்டுமே பெண்களின் பெயரில் உள்ளன. உழவர் என்பதற்கு ஆதாரமாக நில ஆவணத்தைக் கேட்கும் இடத்தில் எல்லாம், ஆவணத்தில் பெயரில்லாத பெண் தந்தையின் நிழலிலோ கணவரின் நிழலிலோதான் நிற்க வேண்டியிருக்கிறது. நான் அன்று "அப்பாவை வரச் சொல்லுங்கள்" என்று சொன்னதும் இந்த வழக்கத்தின் விளைவே.

சட்டம் பெண்ணுக்கு எதிராக இல்லை. மகளுக்கும் மகனைப் போலவே பரம்பரைச் சொத்தில் உரிமை உண்டென்ற திருத்தம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. ஆயினும் பட்டா மாறும் வேளையில், "கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு?" என்ற ஒரு சொல் சட்டத்தை மடக்கி வைத்துவிடுகிறது. அந்தச் சொல்லை மாற்றும் ஆற்றல் அதிகாரிகளைவிட ஊர்ப் பெரியவர்களாகிய உங்களுக்கே மிகுதி.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026ஆம் ஆண்டைப் பெண் உழவர்களுக்கான பன்னாட்டு ஆண்டு என அறிவித்தது. உலகம் அறிவித்தாலும், ஊர் ஏற்றுக்கொண்டால்தான் பயன் விளையும். ஆகவே நீங்கள் எளிதில் செய்யக்கூடிய நான்கு காரியங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், உழைப்பாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள், உள்ளாட்சிகள் நாள் ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு முறையும் உழவுப் பெண் ஒருவர் தம் பயிரையும் விற்பனையையும் பற்றிக் கால்மணி நேரம் பேச இடமளியுங்கள். ஊரார் முன் பேசிப் பழகியவர் சந்தையிலும் அச்சமின்றிப் பேசுவார்.

இரண்டு: வாரிசுப் பட்டா மாற்றம் வரும்போது மகள்களின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் சேரும்வரை, உழவர் சந்தை அடையாள அட்டைக்குக் குடும்பத்தில் எவர் விற்பனை செய்கிறாரோ அவரைக் குறிப்பிட்டே வேளாண்மை அலுவலரிடம் விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

மூன்று: மாம்பழப் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் 'தோப்பு நாள்' என ஒதுக்கி, நகரத்துக் குடும்பங்களை அழையுங்கள். பந்தல், குடிநீர், கழிப்பிடம், குப்பைத் தொட்டி ஆகியவற்றை ஊராட்சி ஏற்பாடு செய்யட்டும். பறிப்பதும் தரம் பிரிப்பதும் எப்படி என்று பெண்கள் காட்டட்டும். வனத்துறை வரையறுத்த எல்லைக்குள் நிற்பதை உறுதி செய்யுங்கள்.

நான்கு: பூவிலேயே குத்தகை விடும் நிர்ப்பந்தத்தைத் தணிக்க, மகளிர் குழுக் கடனையும் கூட்டுறவுக் கடனையும் தைமாதத்திலேயே கிடைக்கச் செய்ய முயலுங்கள். கையில் காசில்லாதவர் வாங்குபவரோடு பேசுவதற்குள் பழம் வேறொருவருடையதாகிவிடும்.

முடிவுரை

அந்தக் குடும்பத்தின் தோப்பு என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். பெருஞ்செல்வம் வந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். யானை முறித்த மரங்கள் முறிந்தவையே. பாதித் தோப்பு இன்னும் குத்தகையில்தான் இருக்கிறது. ஆனால் விற்கும் பேச்சு நின்றுவிட்டது. "அடுத்த பருவத்தையும் நீயே பார், அம்மா" என்று தந்தை சொல்லியிருக்கிறார். வாங்கும் வீட்டார், "இந்த ஆண்டு பூ எப்படி?" என்று தையிலேயே விசாரிக்கின்றனராம். விலை கேட்கும் முன் பூவைப் பற்றிக் கேட்கும் ஒருவர் நகரத்தில் இருக்கிறார் என்றால், அந்த உழவர் இனித் தனித்தவர் அல்லர்.

அந்தப் பெண் இன்று இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று நான் தடுத்த பேச்சை இப்போது அவர் தொடர வேண்டும் என்று உங்கள் அனைவரின் சார்பிலும் கேட்டுக்கொண்டு, அவருக்கு இடம்விட்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.